மைனஸ் இரண்டின் வர்க்கம்

இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கிறது என்று மேடம் சொன்னார். சொல்லிவிட்டு நாற்காலியில் உட்காராமல் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். நாற்பது நிமிஷம் நிறைய நேரம். நாற்பது நிமிஷத்தில் நான் சோறு வடித்து, ஒரு குழம்பும் வைத்து இறக்கி, பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்துவிடுவேன். இங்கே இருபத்தேழாவது கேள்வியில் உட்கார்ந்து கால் மணி நேரமாக நகர முடியவில்லை. x = −2 எனில், 3x² − 4x + 5 என்ற கோவையின் மதிப்பைக் காண்க. ஐந்து மார்க். காண்க என்று எவ்வளவு லேசாகப் போட்டுவிட்டார்கள். மூன்று தடவை கண்டேன், மூன்று தடவையும் வேறு வேறு. முதலில் விடை ஒன்று என்று வந்தது. அதை விட்டுவிட்டு மறுபடி போட்டால் ஒன்பது வந்தது. அதையும் நம்பாமல் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்தேன், இருபத்தைந்து. ஒரே கேள்விதான், போட்டதும் ஒரே கைதான். கை வேர்த்துப் பேனா வழுக்குகிறது, சேலையில் துடைத்துக்கொள்கிறேன். இது எட்டாவது படிக்கிற பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சு, முழங்கால் மேலே இடிக்கிறது. எனக்கு முப்பத்தொன்பது வயது. இந்த அறையில் இருக்கிற இருபத்திரண்டு பேரில் என்னைவிட மூத்தவர்கள் மூன்று பேர்தான், முதல் நாளே எண்ணிப் பார்த்துக்கொண்டேன். எண்ணுவது எனக்கு வரும். கூட்டல் வரும், கழித்தல் வரும், எழுத்துக்குள்ளே எண் ஒளிந்துகொண்டால்தான் வராது.

சரியென்று எனக்கே உறுதியாகத் தெரிகிறதை மட்டும் கூட்டினால் முப்பத்தொன்று. பாஸுக்கு முப்பத்தைந்து. மற்றது எல்லாம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், அதை நம்பக்கூடாது. போன வருஷம் நம்பினேன், முப்பத்திரண்டில் வந்து நின்றது. ஆகவே இந்த ஐந்துதான். இந்த ஐந்து கிடைத்தால் முப்பத்தாறு. முப்பத்தாறு கிடைத்தால் எட்டாவது பாஸ் என்று ஒரு காகிதம் வரும், அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போய் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த ஆபீஸில் கொடுத்தால் கருணை அடிப்படையில் எனக்கு அலுவலக உதவியாளர் வேலை. அவர் செத்து இரண்டு வருஷம் எட்டு மாதம். மூன்று வருஷத்துக்குள் எல்லாக் காகிதமும் வந்துவிட வேண்டும். அந்த ஆபீஸ் கிளார்க் நல்ல மனுஷன், எனக்கு உட்கார நாற்காலி போட்டுவிட்டுத்தான் பேசினார். "மத்ததெல்லாம் சரியா இருக்கும்மா. எட்டாவது மட்டும் காட்டிருங்க, அது இல்லாம ஃபைல் நகராது" என்றார். ஏழாவது வரைக்கும் படித்திருக்கிறேனே என்றேன். ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பேன். இதுதான் இருக்கிறது. இந்த x. இன்னும் நான்கு மாதம். அடுத்த பரீட்சை அடுத்த வருஷம்தான், அதற்குள் எல்லாம் முடிந்துபோயிருக்கும்.

கொழுந்தன் பத்தாவது பாஸ். "மதினி, நீங்க ஏன் கெடந்து சிரமப்படுறீங்க? எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க. வேலைய நான் வாங்கிக்கிட்டு உங்களையும் பிள்ளையையும் பாத்துக்கிடுறேன்" என்று சொன்னான். நல்ல மாதிரிதான் சொன்னான். மாமியாரும் அப்போது பக்கத்தில் இருந்தாள், வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோகஸ்ரீ உள்ளேயிருந்து வந்து, "எங்கம்மா பரீட்சை எழுதுவாங்க சித்தப்பா" என்று சொல்லிவிட்டாள். என்னைக் கேட்காமலே. பதின்மூன்று வயது, எட்டாவது படிக்கிறாள், அவளுக்கு எல்லாம் முடியும். கொழுந்தன் கொடுத்த அந்தக் காகிதம் இன்னும் அலமாரியில் துணிக்குக் கீழே இருக்கிறது, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுத்தான் கொடுத்திருக்கிறான். அதுவும் பார்க்க x மாதிரியே இருக்கிறது. நான் பெயிலானால் அதில் கையெழுத்துப் போடுவேன். போட்ட பிறகு அவன் பார்த்துக்கொள்வான். ஒரு வருஷம் பார்ப்பான், இரண்டு வருஷம் பார்ப்பான், அவனுக்கும் கல்யாணம் ஆகும். வருகிறவளிடம் போய் யோகஸ்ரீக்கு நோட்டு வாங்க வேண்டும் என்று நான் நிற்பேன். வேண்டாம். இப்போது அதை நினைக்க வேண்டாம். கணக்கைப் பார்.

எது சரி? ஒன்று, ஒன்பது, இருபத்தைந்து. இருபத்தைந்து பென்சிலில் இருப்பதாலேயே பொய் மாதிரி தெரிகிறது. பென்சில் மட்டும் காரணம் இல்லை, எனக்குத் தெரியும். இருபத்தைந்து என்ற எண்ணே எனக்கு ஆகாது. ஏழாவதில் கணக்கு சார் கரும்பலகையில் 2x என்று எழுதி, x-க்கு ஐந்து என்று வைத்துக்கொண்டால் இது எவ்வளவு என்று கேட்டார். வேலுத்தாய், நீ வா என்றார். நான் போனேன். x இருக்கிற இடத்தில் ஐந்தை வை என்றார். வைத்தேன். இரண்டு, பக்கத்தில் ஐந்து. இருபத்தைந்து. திரும்பிப் பார்த்தால் வகுப்பு முழுவதும் சிரிக்கிறது. சார் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை, துணியை எடுத்து அழித்துவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டார். அவள் பத்து என்று எழுதினாள். பத்து எங்கிருந்து வந்தது? நடுவில் பெருக்கல் இருக்கிறது, அதை எழுத மாட்டார்கள், தானாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று யாருமே எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருப்பார்கள், நான் அன்றைக்கு வராமல் இருந்திருப்பேன். அதற்குப் பிறகு தண்ணீர் குடிக்கப் போனால் இருபத்தைந்து, மணி அடித்தால் இருபத்தைந்து, அதுவே எனக்குப் பெயர். மறுநாள் வயிற்றுவலி என்றேன். அடுத்த நாளும் வலித்தது. தறிக்குத் தார் சுற்ற, குச்சியில் நூலைச் சுற்றிக் கொடுக்க, ஆள் வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள், நான் சுற்றுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக் கஷ்டத்தில் படிப்பை நிறுத்திவிட்டார்கள் என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். அவரிடமும் அப்படியே. பாவம் என்று அவர் என் தலையைத் தடவினார். பொய் சொல்லி வாங்கிய தடவல் அது. யாரும் நிறுத்தவில்லை, நானாக நின்றேன், ஒரு இருபத்தைந்துக்குப் பயந்து. இப்போது அதே எண் கடைசிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு என்னையே பார்க்கிறது. இதைப் பேனாவால் எழுதினால் மறுபடி யாரோ சிரிப்பார்கள் என்று வயிறு சொல்கிறது. விடை திருத்துகிறவர் எங்கோ ஒரு ஊரில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டி, இங்க பாருங்க சார் என்று.

இருபத்தைந்து நிமிஷம் என்று மேடம் சொல்கிறார். அதையும் இந்த நேரத்திலா சொல்ல வேண்டும். எனக்கு முன் பெஞ்சில் அந்தோணிராஜ் முதுகு. நீலச்சட்டை, நடுமுதுகில் வேர்வை ஒரு வட்டம். தமிழ்ப் பரீட்சை அன்றைக்குப் பள்ளிக்கூடக் கேட்டுக்கு வெளியே தானாக வந்து பேசினான். டிப்பர் லாரி ஓட்டுகிறான், கவர்மெண்ட்டில் டிரைவர் வேலைக்குப் போட எட்டாவது வேண்டுமாம், மூன்றாவது தடவை எழுதுகிறான். "தமிழும் இங்கிலீசும் ஓட்டிருவேன்க்கா. கணக்குதான் மேடு" என்றான். இப்போது அவன் பேப்பரைத் திருப்ப லேசாகச் சாய்ந்தான், அவன் கைக்கு அடியில் 27 என்று பெரிதாகத் தெரிந்தது, அதற்குக் கீழே விடை 9 என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறான். நான் பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. கண் போய்விட்டது. போனதை எப்படித் திரும்பக் கொண்டுவருவது. ஒன்பது. எனக்கும் ஒரு தடவை ஒன்பது வந்ததே. இரண்டு பேருக்கு ஒன்பது வந்தால் அது சரியாகத்தானே இருக்க வேண்டும்? இரண்டு கோடு போட்டிருக்கிறான். நம்பிக்கை இல்லாமல் யாராவது இரண்டு கோடு போடுவார்களா? மேடம் என்னைத்தான் பார்க்கிறாரோ. பார்த்து எழுதினால் பிடித்து வெளியே அனுப்பிவிடுவார்கள், அடுத்தடுத்த பரீட்சையும் போய்விடும், கொழுந்தனுக்குத் தெரிந்துவிடும், ஊருக்குத் தெரிந்துவிடும். யோகஸ்ரீ பள்ளிக்கூடத்தில், உங்கம்மா காப்பி அடிச்சாங்களாமே என்று. நான் பேப்பரை என் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டு குனிந்துகொள்கிறேன். இழுத்து வைத்துக்கொண்டதே சந்தேகப்படுகிற மாதிரி இருக்கிறது. ஒன்பது என்று எழுதிவிட்டால் என்ன? அவன் பார்த்து எழுதவில்லை, நான்தான் பார்த்தேன். எனக்கும் வந்ததுதானே ஒன்பது.

வந்தது. எப்படி வந்தது? அதைப் பார். மூன்று பெருக்கல் நாலு, பன்னிரண்டு. அதிலிருந்து நாலு பெருக்கல் இரண்டு, எட்டைக் கழித்தேன். நாலு. ஐந்தைக் கூட்டினேன். ஒன்பது. சரியாகத்தானே இருக்கிறது? இல்லை, x இரண்டு இல்லை, மைனஸ் இரண்டு. முதல் இடத்தில் மைனஸை நினைவு வைத்தேன், இரண்டாவது இடத்தில் மறந்துவிட்டேன். மறந்தேனா? நாலுக்கு முன்னால் ஏற்கெனவே ஒரு மைனஸ் நிற்கிறது, அதைப் பார்த்ததும் மைனஸ்தான் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். இரண்டு மைனஸ் இருக்க வேண்டிய இடம் அது. யோகஸ்ரீ கத்தினாள் இதற்குத்தான். அடுப்படியில் நான் சப்பாத்தி தேய்க்கும்போது மேடையில் மாவைப் பரப்பி விரலால் எழுதிக்காட்டுவாள். "அம்மா, எண்ணை சும்மா வைக்காத. அடைப்புக்குறி போட்டு உள்ள வை. மைனஸ் அதுபாட்டுக்கு அது வீட்டுக்குள்ள இருக்கும், வெளிய இருக்கிற மைனஸோட ஒட்டாது." சரி என்றேன். மைனஸும் மைனஸும் பெருக்கினால் ஏன் ப்ளஸ் என்று கேட்டேன். அவள் சொன்னது எனக்குப் பிடிபடவில்லை. கோபம் வந்துவிட்டது அவளுக்கு, எழுந்து நின்றாள். "மைனஸ்னா திரும்புன்னு வச்சுக்க" என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். "இன்னொரு மைனஸ். இன்னொரு தடவை திரும்பு." மறுபடி என்னைப் பார்த்து நின்றாள். கன்னத்தில் மாவு. "இப்ப எந்தப் பக்கம் பாக்கேன்?" என்னைத்தான் பார்க்கிறாய் என்றேன். "அவ்வளவுதான்" என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரி படுத்துக்கொண்டு அழுதேன், ஏனென்று தெரியவில்லை. அவர் இருந்திருந்தால் கேட்டிருக்கலாம். அவருக்கும் தெரிந்திருக்காது.

பெஞ்சுக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தை ஒரு தடவை திருப்பிப் பார்க்கிறேன், சிமெண்டுத் தரை குளிர்ச்சியாக இருக்கிறது. மறுபடி திருப்புகிறேன். பதினைந்து நிமிஷம் என்கிறார் மேடம். கூடுதலாக வாங்கின தாளில் புதிதாக ஒரு பக்கம் எடுத்தேன். பிரதியிட, என்று எழுதினேன். பிரதியிட என்றால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை அந்த இடத்தில் வைப்பது. அவர் இடத்தில் நான். அந்த நினைப்பை ஓட விட்டால் நேரம் போய்விடும், கணக்கைப் பார். 3, அடைப்புக்குறி, மைனஸ் இரண்டு, அடைப்புக்குறி, அதற்கு வெளியே மேலே குட்டி இரண்டு. அந்தக் குட்டி இரண்டு அடைப்புக்குறிக்கு வெளியே. அப்படியென்றால் உள்ளே இருக்கிற மைனஸுக்கும் சேர்த்துத்தான். முதலில் விடை ஒன்று என்று வந்தது இங்கேதான், மைனஸை வெளியே தள்ளிவிட்டு இரண்டை மட்டும் பெருக்கிவிட்டேன். திரும்பு, இன்னொரு தடவை திரும்பு. நாலு. ப்ளஸ் நாலு. மூன்று நாலு பன்னிரண்டு. அடுத்தது, மைனஸ் 4, அடைப்புக்குறி, மைனஸ் இரண்டு, அடைப்புக்குறி. திரும்பு, திரும்பு. ப்ளஸ் எட்டு. பன்னிரண்டும் எட்டும் இருபது. இருபதும் ஐந்தும். கை நின்றுவிட்டது. இருபதும் ஐந்தும் என்னவென்று எனக்குத் தெரியாதா? தெரியும், எழுதத்தான் கை வரவில்லை. முன்னால் இரண்டு கோடு போட்ட ஒன்பது இருக்கிறது. அவன் தைரியமான ஆள், மலைப்பாதையில் லோடு ஏற்றிக்கொண்டு இறங்குகிறவன். நான் தார் சுற்றினவள். அவன் சரியாக இருந்து நான் தப்பாக இருந்தால்? ஆனால் ஒன்பதில் ஒரு மைனஸ் காணோம். எங்கே போனது என்று எனக்குத் தெரிகிறது, எந்த இடத்தில் விழுந்தது என்று விரல் வைத்துக் காட்ட முடியும். அவன் பெரிய ஆள் என்பதற்காக விழுந்த மைனஸ் திரும்ப வந்துவிடுமா? எழுதினேன். 25. பேனாவால். கோடு போடவில்லை, ஒரு கோடுகூட. பழைய ஒன்றையும் ஒன்பதையும் குறுக்கே அடித்துவிட்டேன். அடித்த பிறகும் மனது சும்மா இல்லை, அடிக்காமல் விட்டிருக்கலாமோ, மூன்றில் எது சரியோ அதற்கு மார்க் போடுவார்களோ என்று.

மணி அடித்தது. மேடம் ஒவ்வொரு பெஞ்சாக வந்து பேப்பரை வாங்கினார். கொடுத்துவிட்டு வராந்தாவில் பத்தடி நடந்திருப்பேன், கூடுதலாக வாங்கின தாளில் பதிவெண் எழுதினேனா? கால் அப்படியே நின்றது. எழுதின மாதிரி இருக்கிறது. எழுதாத மாதிரியும் இருக்கிறது. இருபத்தேழாவது கணக்கு அந்தத் தாளில்தான் இருக்கிறது. திரும்பி ஓடினேன். மேடம் விடைத்தாள் கட்டை மேஜையில் வைத்து நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார். "மேடம், என் தாள்ல நம்பர் போட்டேனான்னு..." என்றேன், அதற்கு மேல் மூச்சு வரவில்லை. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சுற்றின நூலைப் பிரித்து, என் பேப்பரைத் தேடி எடுத்துக் கடைசித் தாளைத் திருப்பினார். "போட்டிருக்கீங்க" என்றார். உடனே மூடவில்லை. கண் கீழே இறங்கியது. "ஒவ்வொரு எடத்துலயும் அடைப்புக்குறி போட்டிருக்கீங்க. எங்க பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வத்திப்போச்சு, ஒருத்தரும் போடுறதில்ல" என்று சொல்லிவிட்டு, அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்பது மாதிரி பேப்பரைச் செருகினார். "போங்கம்மா. நாளைக்கு அறிவியல்." நான் கும்பிட்டேனா, தெரியவில்லை.

கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அந்தோணிராஜ் பைக்கில் சாய்ந்து நின்றான். சிரித்துக்கொண்டுதான் இருந்தான். "எப்படிக்கா? இருபத்தேழு போட்டீங்களா? எனக்கு அது வந்துருச்சு" என்றான். தலையை ஆட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போயிருக்கலாம். பந்தல்குடி பஸ் பன்னிரண்டே காலுக்கு. "எவ்வளவு வந்துச்சுக்கா?" என்றான். போன வருஷம் இதே மாதிரிதான், இதே இடத்தில் யாரோ ஒரு பெண்ணிடம் நான் கேட்டேன், அவள் சொன்னதும் என் விடை தப்பு என்று தெரிந்தது, வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திப் படுத்தவள் மிச்சம் இருந்த இரண்டு பரீட்சைக்கும் எழுந்து போகவில்லை. சொல்லக்கூடாது. தெரியாது, மறந்துபோச்சு என்று சொல். ஆனால் அவன் கேட்கிறான், முகத்தை வைத்துக்கொண்டு. "இருபத்தஞ்சு" என்றேன். என் வாயிலிருந்து அது வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்று, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"ஒன்பது இல்லையா?"

"ரெண்டாவது எடத்துல மைனஸ விட்டிருப்பீங்க தம்பி. நானும் முதல்ல விட்டேன்."

அவன் கேள்வித்தாளைப் பிரித்துப் பார்த்தான். உதடு அசைந்தது. பிறகு மடித்து, "அப்ப இதுவும் போச்சு" என்றான். "வரிவரியா எழுதினீங்கல்ல, பாதி மார்க்காவது வரும்" என்றேன். அவனுக்குக் காதில் ஏறவில்லை. பையிலிருந்து ஹால் டிக்கெட்டை எடுத்து அதை ஒரு தடவை மடித்தான், இன்னொரு தடவை மடித்தான். "நாளைக்கு லோடு இருக்கு. போயிரலாம்னு பாக்கேன். எதுக்கு இங்க வந்து உக்காந்து..." மடிப்பின் மேல் நகத்தை வைத்துத் தேய்த்தான். கிழிக்கப் போகிறான் என்று எனக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்றால், என்னுடையதை நான் அப்படித்தான் மடித்தேன். அடுத்துச் செய்ததை யோசித்துச் செய்யவில்லை. யாரென்றே சரியாகத் தெரியாத ஆண்பிள்ளையின் கையிலிருந்து அதைப் பிடுங்கிவிட்டேன். டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். "போன வருஷம் நானும் இப்படித்தான் வராம இருந்தேன். கணக்கோட சேத்து மூணு பரீட்சை போச்சு. இது என்கிட்ட இருக்கட்டும். நாளைக்கு ஒன்பதரைக்கு இந்த கேட்டுல நிப்பேன், வந்து வாங்கிக்கங்க" என்றேன். அவன் என்னையே பார்த்தான். "வரலைன்னா?" என்றான். "பத்து மணி வரைக்கும் நிப்பேன்." பத்து மணிக்கு என்னையும் உள்ளே விடமாட்டார்கள், அது இரண்டு பேருக்கும் தெரியும். அவன் பைக்கை உதைத்துக் கிளப்பினான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. வெயில் மடியில் விழுகிறது. பையைத் திறந்து பார்த்தேன், என் ஹால் டிக்கெட், அவனுடைய ஹால் டிக்கெட், நாலாக மடித்தது, போட்டோவில் மீசை இல்லாமல் சின்னப்பையன் மாதிரி இருக்கிறான். மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தேன். வேலுத்தாய், நீ என்ன காரியம் செய்துவிட்டு வந்திருக்கிறாய். நாளைக்குக் காலையில் அவன் மனது மாறி வந்து நின்று, எனக்குப் பஸ் கிடைக்காமல் போனால்? எட்டரை பஸ் சில நாள் வருவதே இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆகிவிட்டால்? மழை பெய்தால்? எட்டரை வேண்டாம், ஏழு மணி பஸ்ஸில் வர வேண்டும். ஏழும் நிச்சயமில்லை. ஆறேகாலுக்கு ஒன்று இருக்கிறது, பால்காரர்கள் ஏறுகிற பஸ். அதில் வந்துவிடுகிறேன். வந்து கேட் திறக்கும் வரை நிற்கிறேன்.